எங்கள் தையல் மெஷினை எங்களுக்கே வழங்கியவர்கள்

மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பனியன் துணி. அதோடு கலந்த எனாமல் பெயிண்ட் வாசனை... அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீடு முழுக்க அதுதான்.

அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து தையல் மெஷினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் மஞ்சள் எழுத்தில் ஒரு சேவை க்ளப்பின் பெயர், கீழே 'அன்பளிப்பு' என்று ஒரு வார்த்தை. மஞ்சள் போனது. அதோடு மெஷினின் கறுப்பும் கொஞ்சம் போனது.

அது எங்கள் மெஷின். தோல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு டெய்லரிடம் அப்பா வாங்கியது.

பிறகு எப்படி அன்பளிப்பு ஆனது?

மாட்டுங்காவிலிருந்து க்ளப் ஆட்கள் வந்தார்கள். எங்கள் சந்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கப் போகிறார்களாம். பந்தல் போட்டாயிற்று, மைக் கட்டியாயிற்று, சீஃப் கெஸ்ட் வீட்டிலிருந்து கிளம்பியாயிற்று. மெஷின்கள் மட்டும் வரவில்லை. க்ளப் செக்ரெட்டரி வேர்த்து வழிய எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லேம்மா, ஒரே ஒரு போட்டோ. லாரி எங்கயோ மாட்டிண்டுடுத்து. உங்க மெஷின மேடைல வெச்சு உங்களுக்கே குடுக்கற மாதிரி குடுத்துடறோம். ரெண்டு தையல் போட்டுக் காட்டினா போறும். உங்களுக்குத்தான் தைக்கத் தெரியுமே!"

விழா நின்றுபோனால் தனக்கு மெஷினே வராது என்று பக்கத்து வீட்டு செல்லம்மா அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சரி என்றார். மெஷின் மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ அதில் பெயர் எழுதிவிட்டார்கள். லாரி வராத இடத்துக்குப் பெயிண்ட் டப்பா மட்டும் எப்படி நேரத்துக்கு வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பட்டறையிலிருந்து வந்த அப்பா, திரும்பி வந்திருந்த மெஷினைப் பார்த்தார்.

"ஏட்டி, நம்ம மெஷின நமக்கே தானமா குடுத்துட்டுப் போயிருக்கானுவளா?"

"போட்டோவுக்குத்தான்னு சொன்னாவ... பிள்ளைய முன்னால சத்தம் போடாதீய."

போட்டோவோடு முடியவில்லை. எனக்கு பேங்க் வேலை கிடைத்தபோது டீக்கடையில், "க்ளப் மெஷின் புண்ணியம்லா!" என்றார்கள். என் கல்யாணத்துக்கு அந்த செக்ரெட்டரி வந்திருந்தார். பந்தியில் என் மாமனாரிடம், "இவா குடும்பத்த நாங்கதான் தூக்கி விட்டோம்" என்றார். அப்பா எதிர் வரிசையில் இருந்தார். இலையில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

நான் மறக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு செம்பூரில் இருக்கிறார். போன மாதம் பழைய பள்ளி நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தாராவி மெயின் ரோட்டில் அதே க்ளப்பின் சேவையைப் பாராட்டி நீளமாக ஒரு சுவரோவியம் வரைகிறார்கள். கண் சிகிச்சை முகாம், ஆம்புலன்ஸ், ரத்த தானம்... கடைசியில் என் அம்மா. எங்கள் மெஷின் முன்னால் தலை குனிந்து, கை கூப்பி உட்கார்ந்து, அதை அன்பளிப்பாக வாங்கிக்கொள்கிறார்.

க்ளப்பின் இப்போதைய தலைவருக்கு போன் செய்து முழுக் கதையையும் சொன்னேன்.

"சார், இது ட்ரிப்யூட் சார். டிசைன் அப்ரூவ் ஆயாச்சு. பழைய மேட்டர இப்ப எதுக்குக் கிளறணும்?"

மறைக்க ஒன்றுமில்லை என்றால் விசாரிக்கலாமே. ஏன் இவ்வளவு அவசரம்?

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் அவர் போனுக்கும் படம் வந்துவிட்டிருந்தது. "ஆட்டோவப் பிடில. போயிப் பாப்போம்" என்றார்.

ஏணியில் நின்று வரைந்துகொண்டிருந்தது ஓர் இளம்பெண். அம்மா சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"தாயி, அது நான்தான். நான் கும்புடலயே. மெஷின் என்னுது. சக்கரத்துலலா கைய வச்சிருந்தேன்."

அவள் இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, போட்டோ ப்ளர்ரா இருந்துச்சு. கை சரியா தெரியல. நமஸ்தே போடு, அச்சா லகேகா, நல்லாருக்கும்னு க்ளப் தலைவர் சார்தான் சொன்னாரு."

"பாத்தியாம்மா? வேணும்னே செஞ்சிருக்காங்க!" என்றேன்.

"நீ சும்மா இருல."

"கை மாத்தறது ஈஸி ஆன்ட்டி. எப்படி உக்காந்திருந்தீங்கன்னு காட்டுங்க."

டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. நடைபாதையில், ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க, அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லாத மெஷினின் இல்லாத சக்கரத்தில் வலது கையை வைத்தார். இடது கையால் இல்லாத துணியை நகர்த்தினார். அந்தப் பெண் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். கூப்பிய கைகள் பிரிந்தன. தலையும் நிமிர்ந்தது.

திரும்பும்போது கேட்டேன், "அப்பா பேர எழுதச் சொல்லியிருக்கலாம்லம்மா?"

"மெஷின வாங்குன உங்கப்பாவே அதுல தன் பேர எழுதிக்கிட்டாவளா? இப்ப நீ எதுக்கு எழுதணும்ங்குற?"

"மத்தவங்களுக்காவது மெஷின் வந்துச்சா?"

"வந்துச்சுல. செல்லம்மா அதுலதான தச்சா."

எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லோரையும் நல்லவர்களாக்கி விடுவது அம்மாவின் வழக்கம்.

அன்று நம் பொருளில் யார் என்ன எழுதினாலும், அது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். இன்று எழுதும்போதே போய் நின்று, இப்படியில்லை என்று சொல்ல முடிகிறது. அவ்வளவு மாறியிருக்கிறது... அதைப் பார்க்க அப்பாதான் இல்லை.

திறப்பு விழா முடிந்துவிட்டது. சுவரில் அம்மாவின் கை மாறியதைத் தலைவர் கவனித்தாரா, கவனித்தும் பழையபடி மாற்றச் சமயம் பார்த்துக் காத்திருக்கிறாரா, தெரியாது. அதனால் ஆபீசுக்கு அந்த வழியாகவே போகிறேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்.

இன்று காலை வரை கை சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது.