ஒற்றைத் தும்மல்

எட்டு வருஷத்தில் சிஸ்டரம்மாவால் எங்கள் குப்பத்தில் ஒருத்தரைக்கூடக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்க முடியவில்லை. இத்தனைக்கும் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புன்னை மரத்தில் படச்சுருளை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுக் கதை சொல்வார். ஊரே வந்து உட்காரும். ஏரியில் வலை வீசிய மீன்காரர்கள் கதை வந்துவிட்டால் எங்கள் ஆண்களுக்கு உற்சாகம் பிடிபடாது. அது என்ன வலை, எத்தனை பாகம் ஆழம், காற்று எந்தப் பக்கம் என்று குடைந்தெடுப்பார்கள். கதையும் பாட்டும் முடிந்ததும் ஆளுக்கொரு பன்னை வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள் காலையில் அம்மன் கோயில் குங்குமத்தை நெற்றியில் இழுத்துக்கொண்டு தோணி ஏறிவிடுவார்கள். காய்ச்சல் என்றால் அவரிடம் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். அம்மனுக்கும் மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். குணமானால் இரண்டு பக்கமும் நன்றி சொல்லிவிடுவார்கள். யாரையும் பகைத்துக்கொள்வானேன்?

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மணல் திட்டு. வெளியே போக வேண்டுமானால் தோணிதான். சிஸ்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மிஷன் அனுப்பி வந்தவர், நர்ஸ் வேலையும் படித்தவர். ஓலைக் கொட்டகை ஒன்றில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகவே இருந்தார். அவருடைய தமிழே எங்களுக்கு ஒரு வேடிக்கை. என் பெரியப்பாவை அவர் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும்போதெல்லாம், மளிகைக் கடை எங்கே என்று பசங்கள் பெரியப்பாவைக் கிண்டல் செய்வார்கள்.

அவருக்கு ஊரில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சகுனம். பூனை போனால் நிற்கிறது, விதவை எதிரே வந்தால் திரும்புகிறது, இதெல்லாம் அவருக்கு ஆகாது. அதிலும் தும்மல் என்றால் சிரித்தே விடுவார். கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் பயணம் கிடையாது. அதுவே உடனே இன்னொன்று சேர்ந்து விழுந்தால் தோஷம் போய்விடும், தாராளமாகப் போகலாம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது.

“ஏட்டி, ஒண்ணுன்னா நிக்கணும், ரெண்டுன்னா போலாமா? இத யாருட்டி எண்ணிக்கிட்டு இருக்கா?” என்று என்னிடம் கேட்பார். கேட்கிற கேள்வியே தப்பு என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. அம்மா நிறைமாசம். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று பிறந்தபோதே அழவில்லை. இரண்டாவது, சிஸ்டரம்மா மருந்து வாங்க மெட்ராஸ் போயிருந்த வாரத்தில் பிறந்து, அவர் தோணியை விட்டு இறங்குவதற்குள் போய்விட்டது. அந்தத் தடவை அம்மாவே பிழைத்தது பெரிய காரியம் என்றார்கள். “அடுத்த தடவ நான் பக்கத்துல இருப்பேன், பயப்படாதீங்க” என்று சிஸ்டரம்மா அப்போது அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. திருத்தணிக்கு அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அங்கே இருந்தாக வேண்டுமாம். இடையில் இரண்டு முறை தவணை கேட்டு வாங்கியிருந்தார். இனி கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக வேறொருவர் வருவார் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

“அங்க ஏரி கீதா சிஸ்டரம்மா?” என்று கேட்டேன்.

“இருக்காம். மழ பெஞ்சா இருக்குமாம்” என்றார். மழை பெய்தால்தான் ஏரி என்றால் அது எந்த லோகத்து ஊர் என்று நான் மலைத்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அம்மாவைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “இந்த வாட்டி நானும் போய்டுவேன்” என்று நைனாவிடம் சொன்னாள். நைனா வலையை மடியில் போட்டுக்கொண்டு, கிழியாத இடத்தையே தைத்துக்கொண்டிருந்தார். நைனா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது. பெரியப்பாவுக்கு மூக்குப்பொடி வழக்கம் உண்டு. அவர் குளிக்கும்போது சட்டையோடு ஆணியில் தொங்கிய பொடிமட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பூவரச இலையில் மடித்துக்கொண்டேன். போதுமா என்று சந்தேகம். இன்னொரு சிட்டிகையும் எடுத்தேன். பெரியப்பா எத்தனை போட்டாலும் தும்மவே மாட்டார். அதனால் எனக்கு அளவு தெரியாமல் போய்விட்டது.

கரையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு மருந்துப் பெட்டி, அவற்றைவிடப் பெரிதாக மூன்று பை நிறையச் சென்னாக்குனி, காய்ந்த குட்டி இறால். ஆளுக்கொரு படி கொடுத்திருந்தார்கள். அந்த நாற்றத்தோடு அவர் ரயிலில் ஏறினால் பெட்டியே காலியாகிவிடும். அவர் ஒருத்தரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் அழுதார்கள். பெரியப்பா தோணியில் நின்று கழியை ஊன்றிக்கொண்டார். சிஸ்டரம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு காலைத் தோணியில் வைத்தார்.

இலையைப் பிரித்து, இருந்த பொடி முழுவதையும் ஒரே இழுப்பாக இழுத்தேன்.

மண்டைக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. பிறகு விழுந்தது தும்மல். அக்கரைக்கே கேட்டிருக்கும்.

பெரியப்பா கழியைத் தூக்கித் தோணிக்குள் போட்டுவிட்டார்.

“ஒத்தத் தும்மல் வுழுந்துச்சு. நான் தோணி எடுக்கமாட்டேன் சிஸ்டரம்மா. எறங்குங்க.”

எனக்கு ஆனந்தம். ஆனால் அரை நிமிஷத்துக்குத்தான். மூக்குக்குள் மறுபடியும் குறுகுறுவென்று கிளம்பிவிட்டது. அடுத்தது வருகிறது. வந்தால் இரண்டாகிவிடும். இரண்டானால் பெரியப்பா சிரித்துக்கொண்டே கழியை எடுத்துவிடுவார். பல்லைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன், அம்மனை வேண்டிக்கொண்டேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். வாய் தானாகத் திறந்துகொண்டது.

அந்த நேரத்தில் சிஸ்டரம்மா சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தார். முந்தானையால் என் மூக்கைக் கொத்தாகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வலி உயிர் போயிற்று. நான் திமிறத் திமிற விடவில்லை. தும்மல் உள்ளேயே செத்துப்போனது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அழுத்தித் துடைத்துவிட்டு, பொடிக்கறை பட்ட முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பிள்ளைக்கு நல்லா சளி புடிச்சிருக்கு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு பெரியப்பாவைப் பார்த்து, “சரி அண்ணாச்சி. தோணி எப்ப எடுப்பீங்க?” என்றார்.

பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். “நாளைக்கு அஷ்டமி. நாளான்னிக்கு நவமி. அதுக்கு மறுநா செவ்வாக்கெழம. புதங்கெழமதான்.”

“அப்ப புதன்கிழமையே போறேன்” என்றார் சிஸ்டரம்மா. மிஷனுக்கு ஒரு கார்டு எழுதி, மீன் கொண்டுபோகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார். தோணிக்காரர்கள் வர மறுத்துவிட்டார்கள், புதன்கிழமைதான் புறப்பட முடியும் என்று. அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

ஊர் பூரித்துப்போயிற்று. அவர் இத்தனை வருஷம் பாடியும் நாங்கள் மசியவில்லை. எங்கள் தும்மல் ஒன்றே அவரை மசிய வைத்துவிட்டது. யாருடைய தும்மல்? என்னுடையது. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொடி விஷயத்தை மட்டும் மூச்சு விடவில்லை. சகுனத்தில் விளையாடினேன் என்று தெரிந்தால் பெரியப்பா தோலை உரித்துவிடுவார்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. என்னைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உச்சி வெயிலாகிவிட்டது, சோறு வைத்தார்கள். நைனா கரையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. அது அம்மா அல்ல, எனக்குத் தெரியாத குரல். கொஞ்சம் கழித்து சிஸ்டரம்மா ஈரக் கைகளோடு வெளியே வந்து, வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆம்பளப் பிள்ள. காலு முன்னால வந்துட்டு. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. யாராவது ஒரு வாய் டீ குடுங்களேன்” என்றார். டீ வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

நவமியில் பிறந்த பிள்ளை ஆகுமா என்று யாரோ இழுத்தார்கள். “பொறந்ததே போதும், போங்கய்யா” என்றார் நைனா. அந்த நவமிப் பிள்ளை கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, மீஞ்சூரில் வீடு கட்டி, என்னை இன்னமும் அதிகாரம் செய்துகொண்டிருக்கிறான். அது வேறு கதை.

என் முதல் பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, எனக்குத் தைரியம் சொல்கிற சாக்கில் அம்மா பழையதைக் கிளறினாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“கொயந்த காலு கீய கீது, நாலஞ்சு நாள்ல வலி வந்துடும்னு சொல்ட்டு, என் கையப் புட்சிக்கினு அழுதுச்சுடி. நான் இருந்தாவணும், இன்னா சொல்லி நிக்கறதுன்னு தெர்லியேன்னு அப்டி அழுதுச்சு. நாந்தான் தேத்தி அனுப்பினேன்.”

என் மூக்கை எதற்காக அப்படிப் பிடித்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஒன்று என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போகலாம். அந்தச் சட்டத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே என்னைவிட நன்றாகப் பாடம் பண்ணி வைத்திருந்தவர் அவர். நான் அம்மா இருக்கிறவளாக வளர்ந்தேன் என்றால் அது அவரால்தான்; அவரை நினைக்காமல் ‘அம்மா’ என்கிற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

புதன்கிழமை காலையில் மறுபடியும் ஊர் கூடியது. இந்தத் தடவை அழுகை குறைவு, கலகலப்பு அதிகம். சிஸ்டரம்மா என் தம்பியை வாங்கி முத்தம் கொடுத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் அவனைப் பத்திரமாக அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தோணியில் நின்றபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“இன்னா சிஸ்டரம்மா, எட்டு வருஷமா சகுனம் பொய், தும்மல் பொய்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. அன்னிக்கு நீங்க போயிருந்தா இந்தப் புள்ள கெடச்சிருக்குமா? இப்ப சொல்லுங்க, பொய்யா நெசமா?”

ஊர் அவர் வாயையே பார்த்தது. அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். ‘பொடி’ என்றால் முடிந்தது. நான் தம்பியின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி” என்றார் சிஸ்டரம்மா. “நெசம்தான்.”

கரையே கொல்லென்று சிரித்தது. அதற்குப் பின் பல வருஷம் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் எந்த ஊழியக்காரர் வந்து எதைச் சொன்னாலும், சிஸ்டரம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். எட்டு வருஷத்துப் பேச்சு முழுவதையும் எனக்காக அந்தத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் அவர் தோணி ஏறினார். அன்று கரையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.