வாள் வைத்த மீசைக்காரன்

வாலில் வாள் இருந்தால் அது ஆம்பளைதான் என்று முடிவு கட்டியவன் நான். அந்த வயதில் என் மூளை அவ்வளவு தூரம் வேலை செய்ததே பெரிய விஷயம்.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவின் பாதி அத்தாக்கள், அதாவது அப்பாக்கள், வெளிநாட்டு வேலைக்குப் போய்ச் செல்போனுக்குள்தான் குடியிருந்தார்கள். என் அத்தாவும் அப்படித்தான். அந்த வருடம் பெருநாளுக்கு வரவேண்டியவருக்கு லீவு கிடைக்கவில்லை. "இங்க ஒரு பூச்சிச் சத்தங்கூட இல்லடா. ஆத்தங்கரைப் புல்லுல சாயங்காலம் கத்துமே, இன்னும் கத்துதா?" என்று போனில் கேட்டார். "நாளைக்கே கேக்க வைக்கிறேன் அத்தா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பூச்சியைக் கேட்டா கொடுத்தேன்?

மறுநாள் வெள்ளாற்றங்கரையில் இறங்கினேன். சாதாரண வெட்டுக்கிளிக்கு மீசை குட்டை. புல்லில் பாடும் இந்தப் பச்சைக்காரனுக்கோ உடம்பைவிட நீளமாக, நூல் மாதிரி. நாம் இந்தப் பக்கம் போனால், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தைக் கண்ட மதரசாப் பையனைப்போலப் புல்தண்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொள்வான். இறக்கையோடு இறக்கையை உரசிப் பாடிக்கொண்டிருந்த ஒன்று கையில் சிக்கியது. பக்கத்திலேயே இன்னொன்று, வாலில் வாளோடு. பாடியதை விட்டுவிட்டு வாள்காரனைப் பிடித்தேன். விரலைக் கடித்தது. வீரன்தான், சந்தேகமே இல்லை. பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பாட்டிலைப் பார்த்த அக்கா, "அது முட்டை வைக்கிற ஊசிடா லூசு. பொட்டைப் பூச்சி. இது எங்க பாடப்போவுது!" என்றாள். பத்தாவது படிக்கிறவள் சொன்னால் நம்பிவிட முடியுமா?

சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்ததும் அத்தாவின் போன் வந்தது. பாட்டிலை அதன் அருகே பிடித்தேன். உள்ளே என் வீரன் நிதானமாக மீசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"என்னடா, ஒண்ணும் கேக்கலையே?"

அந்தக் குரலில் அவ்வளவு ஆசை. தலை வாரிக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கி, அதன் பற்களை நகத்தால் இழுத்தேன். சிர்ர்ர். சிர்ர்ர்.

மறுமுனையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பாவம், அத்தாவுக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். நகம் வலித்தது, பயமும் சேர்ந்துகொண்டது.

"அத்தா, பூச்சி பாடல. இது அக்கா சீப்பு" என்று உண்மையை உடைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"தெரியும்டா, நிறுத்தாத" என்றார்.