மூன்றாவது வரிசை மீசைக்காரர்

எங்கள் வீட்டுப் படையலில் தாத்தாவுக்கு முகம் கிடையாது. மற்ற வீடுகளில் போட்டோ இருக்கும். எங்கள் வீட்டில் மடித்த வேட்டி ஒன்றைப் பலகையில் வைத்து, அதற்கே பொட்டிட்டு, எதிரே இலை போடுவார்கள். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே, மில்லுக்கு வேலைக்குப் போன தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். படம் எடுத்து வைக்க அந்தக் காலத்தில் யாருக்கு வசதி? அப்பா வேட்டியைக் கும்பிட்டே வளர்ந்தார்.

முதலியார்பேட்டையில் பழைய மில்காரர்கள் சிலர் சேர்ந்து, இரண்டே அறையில் ஒரு மியூசியம் வைத்திருந்தார்கள். எனக்கு எட்டு வயதில் அப்பா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். சுவரில் பெரிய குரூப் போட்டோ. தாத்தா வேலை செய்த நூற்புப் பகுதி ஆட்கள்தான். கீழே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது.

“டிபார்ட்மெண்ட் பேருதாங்க போட்டுருக்கு. ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்ல,” என்றார் அங்கிருந்த பெரியவர்.

அப்பா ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம். கால் கடுத்தது, பசி வேறு. மூன்றாவது வரிசையில் ஒரு மீசைக்காரரைக் காட்டி, “இவரு காது ஒன் காது மாதிரியே இருக்குப்பா,” என்றேன். எல்லோருடைய காதும் அப்படித்தான் இருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். தன் காதைத் தொட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அந்த வருஷப் படையலில் வைத்தார். உழவர்கரையிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்குப் பத்து வயது மூத்தவர். தாத்தாவின் முகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அத்தை படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“அப்பாதான்டா. அப்படியே இருக்குது,” என்று கும்பிட்டார்.

அடுப்படியில் அவர் வடை தட்டும்போது, கண்டுபிடித்தது நான்தான் என்று பீற்றிக்கொண்டேன். அத்தை குரலைத் தாழ்த்தினார்.

“எங்கப்பாவுக்கு மீசையே கெடையாதுடி. அவங்கிட்ட சொல்லிடாத.”

“அப்ப அது யாரு அத்தை?”

“யாரா இருந்தா என்னா? அவரும் மில்லுல ஒழைச்ச மனுஷந்தான். வந்து சாப்ட்டுட்டுப் போவட்டும்.”

கூடத்தில் அப்பா இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்து, “அப்பா,” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் சொன்னார். நரைத்த மனுஷன் இப்படிக் கூப்பிடுகிறாரே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் அப்படிக் கூப்பிட்டால் “என்னாம்மா” என்று கேட்க எனக்கு அப்போது ஆள் இருந்தார்.