டைட்டானியத்துக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி இந்தப் பக்கம், செனாயில் விமானப் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் எனக்கு ‘குளோவ்ஸ் அக்கா’ என்று பெயர். யார் வைத்த பெயர் என்று தெரியும், போகட்டும். செய்து முடித்த பாகத்தை எவராவது வெறுங்கையால் தொட்டுவிட்டால் நான் போடுகிற சத்தம் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். நான் அளவு பார்த்து, என் நம்பர் பொறித்த முத்திரையைத் தாளில் குத்தினால்தான் எந்தப் பாகமும் வாசலைத் தாண்டும். அந்த முத்திரை என் கைக்கு வரப் பதினோரு வருடம் ஆனது. அதனால்தான் அவ்வளவு வாய்.

அப்படிப்பட்ட எங்களிடம் ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்டார்ட்அப் வந்து நின்றது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பயணிகளை மறுபடியும் பறக்க வைக்கிறோம் என்று கிளம்பியவர்கள். முன்பு அப்படி விமானங்கள் பறந்திருக்கின்றன, பிறகு நின்றுபோயின. இவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். முதலில் ஒரு சோதனை விமானம், அதற்கு ஒரு பிராக்கெட் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் டைட்டானியத் துண்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் குழாய்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் வரைபடத்தை விரித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பர்சானிக்! நம் செனாயில்!

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். “நான் காஸ்வே பாலத்துல ஜாம்ல நிக்கிற நேரத்துல அவங்க கடலையே தாண்டிருவாங்களா? அந்தப் பிளேனை முதல்ல காஸ்வேல ஓட்டச் சொல்லு லா” என்றார். அன்று அவருக்கு மூன்றாவது தோசை கிடைக்கவில்லை.

மெஷின் ஓட்டும் அண்ணன் எங்கள் தொழிற்சாலையிலேயே மூத்தவர், கை சுத்தமான வேலைக்காரர். அவரே இரண்டு துண்டுகளைப் பாழாக்கி, மூன்றாவதில்தான் வெற்றி கண்டார். அதை நான் ஒரு நாள் முழுக்க அளந்தேன். ஒவ்வொரு அளவும் அப்படியே வந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தில் முத்திரையை ஓங்கியே குத்தினேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கூரியர் வண்டி மூன்று மணிக்கு வரும். எங்கள் முதலாளி சீனர். ஆனாலும் இந்தப் பூஜைக்கு எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். மெஷின்களுக்கெல்லாம் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். ஃபோர்க்லிஃப்டுக்குப் பொட்டு, முதலாளியின் காருக்குப் பொட்டு. நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். என் மேசையில் அந்தப் பிராக்கெட் பையில் இருந்தது. உலகத்தையே சுற்றப் போகிற பிள்ளை, இதற்கு இல்லாமலா? பையைப் பிரித்தேன். மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கையில் குளோவ்ஸ் இல்லை.

எதிரே நின்ற அண்ணனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டைட்டானியத்தில் உப்போ வேறு எதுவோ ஒட்டியிருந்து, எஞ்சின் சூட்டில் காய்ந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

“தொடச்சாப் போச்சும்மா,” என்றார் அண்ணன் மெதுவாக. “நானும் நீயும்தான் பாத்தோம். ஒரு பொட்டுக்காக முத்திரையைப் பறிகொடுப்பியா?”

துடைத்தேன். டிஷ்யூவால் அழுத்தித் துடைத்துப் பையில் போட்டேன். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. எல்லோரும் பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்த விமானத்தில் ஏறப்போகிற விமானிக்கு அம்மா இருப்பாள், பெண்டாட்டி இருப்பாள் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனேன்.

“அலமாக்! யூ ஆ? யூ?” என்று தலையில் கை வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பவே முடியாமல் பார்த்தார். பிறகு மேசை மேல் கையை நீட்டினார். முத்திரையை எடுத்து வைத்தேன். அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, உடனே அமெரிக்காவை அழைத்தார். அங்கே முந்தைய நாள் சாயங்காலம். திரையில் வந்தது ஒரு பெண் இன்ஜினியர், டீ-சர்ட் போட்டிருந்தாள், என் வயதில் பாதிதான் இருப்பாள்.

என் ஓட்டை இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டாள். மஞ்சள், சுண்ணாம்பு, சந்தனம், பன்னீர், சாயமும் இருக்கலாம் என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு, ஏன் வைத்தீர்கள் என்று கேட்டாள்.

“அதுக்குள்ள ஆள் உக்காரப் போறாங்க இல்லையா, அதான்,” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள். இந்தத் துண்டு வேண்டாம், இன்னொன்று எப்போது கிடைக்கும் என்றாள். எங்களிடம் மிச்சம் ஒரே ஒரு டைட்டானியக் கட்டிதான் இருந்தது. முதலாளி தேதி சொல்லிவிட்டு, இந்த முறை வேறொருவர் பரிசோதிப்பார் என்று உறுதி கொடுத்தார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். “வேண்டாம். இவங்களே பாக்கட்டும். இவங்க கையில இருந்து வந்தா நான் நம்புவேன்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்தக் குனிந்தேன். நிமிர்ந்தபோது முத்திரை என் முன்னால் இருந்தது.

பொட்டு வைத்த துண்டை நானே அறுத்துப் போட்டேன். கடைசிக் கட்டி மெஷினில் ஏறிய நாட்களில் அண்ணன் மெஷினை விட்டு நகரவில்லை, நானும் யாரையும் சத்தம் போடவில்லை. தேறி வந்தது. இரண்டு ஜோடி குளோவ்ஸ் போட்டுக்கொண்டு அளந்தேன். அதை அனுப்பிய வாரமே அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி: அந்தச் சிவப்புப் பொடியில் கொஞ்சம் அனுப்ப முடியுமா? ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாள் போலிருக்கிறது என்று கூசிப்போனேன். மூன்று உறைகளுக்குள் வைத்து, ‘டைட்டானியத்தின் பக்கத்தில் கொண்டு போகாதே’ என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

மாதங்கள் கழித்து அந்த விமானம் பறந்தது. அங்கே பகல், இங்கே எல்லோரும் தூங்கும் நேரம். யாரும் போனைத் திறக்கக் கூடாது, காலையில் கேண்டீனில் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. ஓடியது, எழும்பியது, மேகத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளியானது. “போ, போ, நிக்காத, போ!” என்று திரையைப் பார்த்துக் கத்தியது நான்தானாம். ஒலியைத் தாண்டியாயிற்று என்று அறிவிப்பு வந்ததும் கேண்டீனே எகிறியது. முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்றார். அது பத்திரமாகத் தரையைத் தொட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“பொட்டோட போயிருந்தா இன்னும் வேகமாப் போயிருக்கும்மா,” என்றார் அண்ணன். கையிலிருந்த கைத்துண்டால் அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன்.

அப்போது என் போன் மணியடித்தது. அந்தப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள், விமானம் கிளம்புவதற்கு முன் எடுத்தது. விமானி ஏறிப்போகும் ஏணி. அதன் முதல் படியில் கோணல்மாணலாக ஒரு குங்குமப் பொட்டு. கீழே எழுதியிருந்தாள்: “ஏணி பறக்காது. அதனால் இதற்கு அனுமதி உண்டு. குளோவ்ஸ் போட்டுக்கொண்டுதான் வைத்தேன்.”