அத்திமரத்தில் ஏழு கூடு

என் அக்காவைக் கட்டிய மனிதர் ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு மரத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. முப்பத்து நாலு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, கடையில் தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா என்று காகிதத்திலேயே துப்பறிந்தவர். அடுத்தவன் எழுதும் பொய்யை மோப்பம் பிடிக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார். ரிட்டயரான மறுவாரம் ஒரு தொப்பி வாங்கினார். அன்றிலிருந்து அவர் இயற்கைப் பாதுகாவலர்.

தொப்பியோடு நின்றாரா என்றால் இல்லை. பன்னிரண்டு பாக்கெட் வைத்த பச்சை மேல்கோட்டு வந்தது. ஒன்றில் விசில், ஒன்றில் திசைகாட்டி, ஒன்றில் இருமல் மிட்டாய். மீதி ஒன்பதும் காலி. கழுத்தில் பைனாகுலர். ஒருநாள் அதை மூடி கழற்றாமலே கண்ணில் வைத்து, "அதோ பாருங்க, பருந்து!" என்று காட்டினார். சுற்றி நின்ற பதினைந்து பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எங்கள் குழுவின் லட்சணம் அவ்வளவுதான்.

குழு என்றால் மலைப்பாதைக் காப்புக் குழு. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் சரிவு, நாற்பது ஏக்கர், ஒரு டீச்சரம்மாவுக்குச் சொந்தமாக இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் ஒருவன் உண்டு, டைல்ஸ் கடைக்காரன். சரிவை வெட்டி மனை போடலாம் என்று அத்தையை நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவன் தொல்லை தாங்காமல் டீச்சரம்மா நிலத்தைக் குழுவுக்கு எழுதிவைத்தார். ஆனால் நாற்பது வருடம் வீட்டுப்பாடம் செய்யாமல் கதை சொன்ன பிள்ளைகளைப் பார்த்தவர் அல்லவா? பத்திரத்தில் ஒரு நிபந்தனை போட்டார். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், குழுத் தலைவர் எல்லை முழுக்கத் தன் காலால் நடக்க வேண்டும். இருபத்தாறு எல்லைக் கற்கள். ஒவ்வொரு கல்லருகிலும் கண்ணால் கண்டதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் நிலம் தம்பி மகனுக்குத் திரும்பிவிடும். இரண்டு வருடத்தில் டீச்சரம்மா போய்ச் சேர்ந்தார். நிபந்தனை இருந்தது.

தலைவர் யார் என்ற பேச்சு வந்தபோது மாமா ஒருவர்தான் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். அவர் நிறுத்தினால் போதும் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

கூட்டம் மாமா வீட்டு மாடி அறையில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, அக்கா கொண்டுவரும் தேநீர். பாதையில் வழி காட்டும் அம்புக்குறியை மஞ்சளில் போடுவதா வெள்ளையில் போடுவதா என்று மூன்று கூட்டம் பேசினார்கள். நான்காவது கூட்டம் வருவதற்குள் நான் எல்லாவற்றையும் வெள்ளையில் அடித்து முடித்திருந்தேன். "வெள்ளைதான் சரின்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன்" என்றார் மாமா. அவர் மஞ்சள் கட்சி.

எனக்குத் தச்சுவேலை. பாதையின் மரப்படிகள், ஓடை மேல் இருக்கும் சின்னப் பாலம், பலகைகள் எல்லாம் என் கைவேலை. பதினோரு வருடம், ஞாயிறு தவறாமல் அரிவாளும் மண்வெட்டியுமாகப் போவேன். என்னோடு விடாமல் வருகிற ஒரே ஆள் நர்ஸம்மா. குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் பாதையில் நடந்தால் இருபது நிமிடம். சாலை வழியே போனால் இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணி நேரம். வீட்டில் அவருடைய அம்மா படுத்த படுக்கை. மதிய இடைவேளையில் குன்றைத் தாண்டி ஓடி வந்து, அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓடுவார். பாதை இல்லாவிட்டால் அந்தக் கிழவிக்கு மதியச் சாப்பாடு இல்லை. மாமாவின் சொற்பொழிவுகளில் பட்டாம்பூச்சி வரும், பல்லுயிர் வரும். அந்தக் கிழவி ஒருநாளும் வந்ததில்லை.

எல்லை நடக்கும் நாளில் மாமாவைப் பார்க்க வேண்டும். விசில் ஊதுவார், முக்கால் மணி நேரம் பேசுவார், முன்னால் நடப்பார். அறுநூறாவது மீட்டரில் நான் செய்துபோட்ட பெஞ்சு இருக்கிறது. அங்கே வந்ததும், "நீங்க போய்ட்டே இருங்க, நான் பின்னாடி ஒழுங்கு பார்த்துட்டு வரேன்" என்று உட்கார்ந்துவிடுவார். முட்டிவலி. அதைச் சொன்னால் என்ன, தலையா போய்விடும்? சொல்லமாட்டார். மற்றவர்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவரைச் சுற்றி உட்காருவார்கள். எல்லை முழுக்கச் சுற்றுவது நான் ஒருவன்தான்.

மறுநாள் மாடியில் பதிவேடு எழுதும் வைபவம். என் கையெழுத்து சுத்தமாக இருக்கும் என்று என்னிடம் பேனா வரும். மாமா போன வருடப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பதினேழாவது கல், சரிவின் மேல் மூலையில், பாதை போகாத இடம். அதன் பக்கத்தில் டீச்சரம்மா வைத்த பெரிய அத்திமரம். நான்கு வருடம் முன்பு அடித்த புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. கல்லும் பெயர்ந்துவிட்டது.

"பதினேழு. பெரிய அத்திமரம் நல்ல நிலையில்" என்றார் மாமா.

"மாமா, அந்த மரம்..."

"கதை சொல்லாத மாப்ளே. சொல்றத எழுது. எனக்குத் தெரியாத மரமா?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடமும் அதே வரி. நானாக இரண்டு வார்த்தை சேர்த்தேன்: 'நல்ல நிழல்.' அவர் படிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாம் வருடம் 'பறவைக் கூடுகள் ஏழு' என்று எழுதினேன். அந்த முறை கூட்டத்தில் பதிவேட்டை உரக்கப் படித்தார். கூடு வந்த இடத்தில் ஒரு நொடி நின்றார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, ஒவ்வொரு கூடா நின்னு எண்ணியிருக்கேன்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான்காம் வருடம், 'இந்த ஆண்டு காய்ப்பு அதிகம்.' வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இந்த ஆளை எப்படியாவது யாராவது மாட்டிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மாட்டிவிட டைல்ஸ்காரன் வந்தான். யாருக்கும் தெரியாமல் ஒரு ஆளைக் குன்றில் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறான். பதிவேட்டின் நகலையும் படங்களையும் சேர்த்து நில அலுவலகத்தில் கொடுத்துவிட்டான். நேரில் பார்த்துவிடலாம் என்று அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும் ஒரு பெண், கான்வாஸ் ஷூ, கையில் எங்கள் பதிவேடு. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அதிகாரி, டைல்ஸ்காரன், மாமா, நான், விடுப்புப் போட்டுவிட்டு வந்த நர்ஸம்மா.

பெஞ்சு வந்தது. மாமா பழக்கத்தில் நின்றார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க? நீங்கதானே முன்னாடி போய்க் காட்டணும்?" என்றார் அதிகாரி.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக மாமா அந்தப் பெஞ்சைத் தாண்டினார். ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணிற்று. தடியை ஊன்றி, மரத்தைப் பிடித்து, தவழாத குறையாக ஏறினார். தொப்பி எங்கேயோ விழுந்தது. நர்ஸம்மா கை கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. ஏறட்டும் என்று இருந்தது எனக்கு.

பதினேழாவது கல் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் அத்திமரம் நீட்டிப் படுத்திருந்தது. பட்டை உரிந்து, காளான் முளைத்து, தொட்டால் உதிரும் அளவுக்கு மக்கிப்போயிருந்தது. டைல்ஸ்காரன் கைகட்டிக்கொண்டு நின்றான்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். "போன வருஷம் காய்ப்பு அதிகம்னு எழுதியிருக்கீங்க. எந்த மரம் சார்?"

மாமா மரத்தைப் பார்த்தார். பதிவேட்டை வாங்கிக் கண்ணருகே வைத்து முதல்முறையாக ஒவ்வொரு வார்த்தையாக நிதானித்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய்யை மோப்பம் பிடித்துப் பிழைத்த மனிதர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இந்தக் கையெழுத்து உங்களோடது. எழுதின கை வேற மாதிரி இருக்கே?" என்றார் அதிகாரி.

"எழுதினது என் மாப்ள. நான் சொன்னதத்தான் எழுதினான்" என்றார் மாமா.

"கூடும் நீங்க சொன்னதா?"

"எல்லாம் நான் சொன்னதுதான்."

அதிகாரி பதிவேட்டைத் திரும்ப வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார். அவருக்கும் நிலத்தைப் பிடுங்கிக் கொடுக்க ஆசை இல்லை என்று தெரிந்தது. "பழைய வரியையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தீங்கன்னா அசட்டைன்னு போட்டுட்டு எச்சரிக்கையோட விட்டிருப்பேன் சார். அதுக்குப் பத்திரத்துல இடம் இருக்கு. விழுந்து கிடக்கற மரத்துல வருஷா வருஷம் புதுசு புதுசா எழுதியிருக்கீங்க. இத எப்படி சார் தெரியாம எழுதினதுன்னு சொல்றது?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அது கேலிக்கு நான் எழுதியது, அவருக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அவமானம், எனக்கு அதைவிட அவமானம், ஆனால் அதிகாரிக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பாதையின் இரண்டு முனையிலும் டைல்ஸ்காரன் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினான். நான் செய்த பாலத்தைப் பிரித்து விறகுக்குக் கொடுத்துவிட்டான்.

மாமா இப்போது மாடிக்குப் போவதில்லை. கீழ் அறையில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நான் போனால், "வா மாப்ளே" என்கிறார். கூடு பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "உன்னை ஒரு சொல்லு சொல்லலையேடா அவரு" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அதுவும் ஒரு வீம்புதான், கூடு எண்ணிய பெருமையைக்கூட விட மனசில்லாத மனிதர் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

போன வாரம் மதியம் நர்ஸம்மாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டதாம். பஸ் வரக் காணோம். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்கண்ணே. பெஞ்சத் தாண்டாத மனுஷன் ஏழு கூடுன்னு எப்படிச் சொல்லியிருப்பாரு? நிஜமாவே அவர்தான் சொன்னாரா?"

அவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"அவர்தான்மா சொன்னாரு" என்றேன்.