கெட்டிக்காரி என்றொரு பட்டம்

பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை நேற்றுக் கொப்பியும் பென்சிலுமாக வந்து நின்றாள். "அன்ரி, புத்திசாலி எண்டதுக்கு ஒத்தசொல் அஞ்சு வேணுமாம். ரீச்சர் கேட்டவா." நான் குசினியில் காய்ந்த செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். அறிவாளி, விவேகி, மதியூகி, சாமர்த்தியசாலி என்று அடுக்கினேன். ஐந்தாவது வாயில் வரவில்லை. "கெட்டிக்காரி எண்டு எழுதட்டோ?" என்று அவளே கேட்டாள். எழுது என்றேன். அதற்குப் பிறகு கை வேலை செய்தது, மனம் வன்னிக்கு, உருத்திரபுரத்துக்குப் போய்விட்டது.

மலையில், தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்குக் கலவரக்காரர் நெருப்பு வைத்த பிறகு, எழுபத்தேழின் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தோம். மலையில் எனக்கு இருந்த பெயர் 'வெவரமான புள்ள'. கங்காணி எந்த நேரம் எந்தப் பக்கம் வருவான் என்று தெரிந்திருப்பதுதான் அங்கே விவரம். வன்னியிலோ புத்திக்கு எத்தனை பெயர்! வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால் கெட்டிக்காரி. கணக்கில் புலியென்றால் மண்டைக்காய். எடுத்த வேலையைச் செய்து முடிக்கிறவன் விண்ணன். அடுத்தவனைச் சுற்றித் தன் காரியம் பார்க்கிறவன் சுழியன். அதையும் கொஞ்சம் மெச்சித்தான் சொல்வார்கள். நான் முதலாவதை வாங்கிக்கொண்டு கால் நிலத்தில் பாவாமல் திரிந்தேன்.

பட்டம் சூட்டியவர் பரிமளம் மாமி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் தண்ணீர் பாய்கிற காணி எடுத்த குடும்பம். அவருடைய தோட்டத்தில்தான் நானும் அம்மாவும் மிளகாய் ஆயப் போவோம், பழம் பறிக்கிற கூலி வேலை. மகள் தவம் என் வகுப்பு, என் உயிர்த்தோழி. முதலாளியம்மாவை மாமி என்று கூப்பிடச் சொன்னதே அவள்தான்.

படிப்பு முடிந்த வருடம், குடியேற்றத்துச் சின்னப் பிள்ளைகளைச் சந்தித் தகரக் கொட்டகையில் சேர்த்துப் பின்னேரங்களில் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த தையில் அது பாலர் பள்ளியாகும், ஒரு ரீச்சர் எடுப்பார்கள் என்று கதை அடிபட்டது. எங்கள் பக்கத்தில் அப்போது ஐயர் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வந்திருந்தது: விஜயதசமியன்று கொட்டகையில் விரல் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்குகிறவர்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ரீச்சர். தாய்மார் பிள்ளையின் விரலை யாரிடம் கொடுத்தார்களோ, பிறகும் அவரிடமே அனுப்புவார்கள். எனக்கு அது கிடைத்தால் மிளகாய்ச் செடிக்குள் குனிகிற வேலை முடிந்தது. வேறு வழி எனக்கு இருக்கவில்லை. "நீதானடி தொடக்கோணும், அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறா" என்றாள் தவம்.

மிளகாய்க் காரம் லேசில் போகாது. பிள்ளைகள் விரலைச் சூப்புவார்களே என்று ஒரு கிழமை தோட்டத்துக்குப் போகவில்லை. தேங்காயெண்ணெயும் புளியும் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தேன். அம்மா யாரிடமோ ஒரு வெள்ளைச் சேலை இரவல் வாங்கி வைத்தார்.

விஜயதசமிக்கு முதல் நாள் பின்னேரம் தவம் வந்தாள். "பிள்ளையின்ர விரலை எப்பிடியடி பிடிப்பாய்? ஒருக்கால் காட்டு பாப்பம்." சுளகில் அரிசி பரப்பி, அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதினேன். இறுக்கினால் பிள்ளை கையை இழுக்கும், அடியில் தாங்க வேண்டும் என்று பெரிய ரீச்சர் மாதிரி விளக்கமும் சொன்னேன். இன்னொருக்கால், இன்னொருக்கால் என்று கேட்டாள். "நீ கெட்டிக்காரியடி" என்றாள். எனக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை.

விடிய, இரவல் சேலையோடு கொட்டகைக்குப் போனேன். குத்துவிளக்குக்கு முன்னால் பாயில் தவம் இருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, எதிரே அரிசித் தாம்பாளம். பிள்ளையின் விரலை அடியில்தான் தாங்கியிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். மாமிதான் எழும்பி வந்து, தாய்மாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "குறை நினையாத பிள்ளை. மிளகாய் ஆயிற கை, குஞ்சுகள் விரலைச் சூப்பினால் எரியுமெல்லே. நீ கெட்டிக்காரி, எங்கயெண்டாலும் பிழைச்சுக்கொள்ளுவாய். இவள் பேய்ப்பிள்ளை, ஒண்டும் விளங்காதவள், இவளுக்குத்தான் ஒரு வழி பாக்கோணும்."

அது யாருடைய தோட்டத்து மிளகாய் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் என் கெட்டித்தனம். நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் தாய்மார் தங்கள் குஞ்சுகளைத் தவத்தின் பாய்ப் பக்கம் நகர்த்தினார்கள். ஒருத்தி என் கையில் அவலும் கடலையும் வைத்தாள். வீட்டில் அம்மா சேலையை மடித்துக்கொண்டே, "மாமி மாமின்னியே புள்ள" என்றார். அடுத்த நாள் இரண்டு பேரும் அதே தோட்டத்துக்கு மிளகாய் ஆயப் போனோம். போகாமல் அடுப்பு எப்படி எரியும்?

மாமி மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. தன் பிள்ளைக்குப் பார்த்தார், போகட்டும். தவத்தின் மேல் ஆறவில்லை. காட்டு பாப்பம் என்றாளே, அது இன்னும் ஆறவில்லை. பேய்ப்பிள்ளையாம்! அவளைப் போல ஒரு சுழியை நான் பிறகு கண்டதில்லை.

இப்போது கொட்டகை இல்லை, அந்தத் தோட்டமும் இல்லை. மாமி காலமாகிவிட்டார். தவம் எந்த நாட்டிலோ. மண்டைக்காய், விண்ணன் எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாயில் வருவதில்லை. கடையில் வாங்குகிற செத்தலுக்கு அந்தப் பழைய எரிவுகூடக் கிடையாது. எழுதி முடித்த சின்னப் பிள்ளை, "அன்ரி, நீங்கள் சரியான கெட்டிக்காரி" என்று என் விரலைப் பிடித்தாள்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "விடு பிள்ளை, எரியும்" என்றேன்.