தோர்தீஸ் சுமந்த அடுப்பு

சிவெர்ட் தான் எழுதிய குடில் வரலாற்றுப் புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தை வாசித்தபோது தோர்தீஸின் வாயில் வாஃபிள் துண்டு இருந்தது. மெல்வதை நிறுத்தினாள்.

"அந்த இரும்பு அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்பளவு பனியில் நான் மலையேறினேன்..."

பனிச்சறுக்குக் குடிலுக்கு அன்று ஐம்பது வயது. அந்த நார்வேப் பள்ளத்தாக்கே மேலேறி வந்து, தான் கட்டிய குடிலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுப்பைச் சுமந்தவள் தோர்தீஸ். அப்போது இருபத்திரண்டு வயது, மர அறுவைப் பட்டறையில் வேலை, கதவு நிலை மாதிரித் தோள்கள். பாதி வழியில் சிவெர்ட் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, அங்கிருந்தே வழி சொன்னான். அவள் உச்சியில் அடுப்பை இறக்கியதும் மலை இரண்டு விரற்கடை அமுங்கியது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம். பிறகு இறங்கிப்போய் சிவெர்ட்டையும் சுமந்து வந்தாள். அடுப்பே தேவலை, அதற்கு வாய் கிடையாது.

கண்ணால் கண்டவள் ஒருத்திதான்: புகைக்குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த உயிர்த்தோழி போர்கில். பின்னாளில் சிவெர்ட்டைக் கட்டிக்கொண்டாள்.

எழுத்தில் எதுவும் இல்லை. அதுவும் தோர்தீஸின் கைங்கரியமே. கூரை ஏறிய அன்று ஆளாளுக்கு உத்தரத்தில் பெயர் செதுக்கக் கத்தியை எடுத்தபோது, "ஊர் கூடிச் செஞ்ச வேலைக்கு ஏதுப்பா பேரு? உள்ள வைங்க" என்று அதட்டியவள் அவள்தான். ஐம்பது ஆண்டுகள் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். சிவெர்ட்டும்தான், புத்தகம் எழுத உட்காரும்வரை.

"ஏண்டா சிவெர்ட், அன்னிக்கு உன் முதுகுல அடுப்பு இருந்துச்சா, என் முதுகுல நீ இருந்தியா?"

கூட்டம் சிரித்தது. தோர்தீஸ் கதை விடுவது புதிதா என்ன?

"வயசாச்சுல்ல தோர்தீஸ், எல்லாம் கலந்துபோகும்" என்றான் சிவெர்ட்.

அவள் போர்கில் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. குழாயைத் தூக்கிட்டு வந்தவ நீதானே. யாரு சுமந்தா?"

போர்கில் வாஃபிள் மாவைக் கலக்கினாள். கட்டியே இல்லாத மாவு, ஆனாலும் கலக்கினாள்.

"எவ்வளவு காலமாச்சு... நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி இதெல்லாம்? உனக்கு பாலாடைக்கட்டி வைக்கட்டுமா, ஜாமா?"

சிவெர்ட்டின் பொய்யைத் தோர்தீஸ் சிரித்தே தள்ளியிருப்பாள். இந்த ஜாம்தான் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு தனியே இறங்கிப்போனாள்.

அடுத்த சனிக்கிழமை குடிலுக்கு விறகு ஏற்றும் நாள். ஊர்வேலைக்கு வராதவர்களைப் பற்றி அங்கே மூன்று தலைமுறை பேசும். தோர்தீஸ் ஒருமுறையும் தவறியதில்லை. இடுப்பெலும்பு முறிந்த வருடம்கூட ஊன்றுகோலோடு வந்து அதிகாரம் பண்ணினாள். அன்றோ ஊரே பார்க்கும்படி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, காபி குடித்தாள்.

எல்லோரும் கண்டும் காணாமல் கடந்தார்கள். போர்கில் மட்டும் வேலியருகே நின்றாள்.

"உடம்பு சரியில்லையாடி?"

"முதுகு புடிச்சுக்கிச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வலிக்குது."

"தோர்தீஸ்... அத்தனை பேரு முன்னால அவரு தலைகுனிஞ்சு நிக்கணுமேன்னுதான்..."

"தெரியும். போ, நேரமாகுது. எல்லா விறகையும் உன் புருஷனே சுமந்துடுவான். நீ சும்மா கையை வீசிக்கிட்டு நட."

போர்கில் போகவில்லை. தோர்தீஸ் இன்னொரு கோப்பை கொண்டுவரவும் இல்லை.